மெதுவா நட, கூப்பிடுவாங்க

திருப்பதி
20 ஜனவரி 2026

அக்காவுக்கு,

காஞ்சனா எழுதறேன். கையெழுத்தப் பாத்ததும் கிழிச்சிப் போட்டுடாத. முழுசா படிச்சிட்டு அப்புறம் கிழி.

போன சித்திரையில புத்தூர் துணிக்கடையில நமக்குள்ள சண்ட வந்ததிலேர்ந்து நீ என் நம்பர பிளாக் பண்ணி வெச்சிருக்கேன்னு தெரியும். ஆனா நான் கடுதாசி எழுதறது அதுக்காக இல்ல. காரணம் கேட்டா சிரிப்ப.

பொங்கல் லீவு முடிஞ்சி நேத்து ஏர்பேடு கம்பெனிக்குப் போனேன். ஏப்ரான் கூட மாட்டல, எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டாங்க. தாமோதரன்னு ஒரு சாரு, மெட்ராஸ்காரரு, ஏ.சி. ரூமுல வேர்த்துக்கினு ஒக்காந்திருந்தாரு. பாவம், நல்ல மனுஷந்தான். "மேடம், ரெண்டாம் நம்பர் லைன மூடறோம்"னாரு. ரெண்டாம் நம்பர்னா என் லைனுதான்க்கா. செல்போன் சார்ஜர் சரியா வந்திருக்குதான்னு பாத்து மூடி போட்டு அனுப்பற லைனு. நான் லீடரு, என்னோட சேத்து பதினாலு பொம்பளைங்க. பதினோரு வருஷம் இந்த வேலதான் செஞ்சேன்.

ஒரு தாளு குடுத்தாரு. ஒரு பக்கம் இங்கிலீஷு, ஒரு பக்கம் தெலுங்கு. வூட்டுக்கு எடுத்துக்கினு வந்தேன், என் பொண்ணு யமுனா ஒக்காந்து வரி வரியா படிச்சிச் சொன்னா. நானா இஷ்டப்பட்டு வேலைய வுட்டுப் போறேனாம். மூணு மாச சம்பளம் தருவாங்களாம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இது மாதிரி எந்தக் கம்பெனியிலயும் நான் சேரக் கூடாதாம். பிப்ரவரி ஆறாந்தேதிக்குள்ள கையெழுத்துப் போடணும்.

அந்த ரெண்டு வருஷந்தான்க்கா என் கழுத்தப் புடிக்குது. சத்தியவேடு பக்கம் புதுசா ஒரு கம்பெனி வந்திருக்குது. எங்கள வுட்டு போன வருஷம் அங்க போன பத்மாவதி, "வாக்கா, மார்ச்சுல லீடருங்கள எடுக்கறாங்க, உன் பேரச் சொல்லி வெச்சிருக்கேன்"னு சொல்லிக்கினு இருக்கறா. கையெழுத்துப் போட்டா அது போச்சி. போடலன்னா மூணு மாச சம்பளமும் போச்சின்னா இன்னா பண்றது? யமுனாவோட பாலிடெக்னிக் பீசு கட்டணும். போடறதா, பேசிப் பாக்கறதான்னு மண்டைய ஒடச்சிக்கினு இருக்கேன்.

இப்ப கடுதாசி கதைக்கு வரேன். இந்த விஷயத்த போன்ல, வாட்ஸப்புல, மெயில்ல, பேஸ்புக்குல யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு தாளுல ஒரு பாரா இருக்குது. மூணு தரம் படிச்சேன். கடுதாசி எழுதக் கூடாதுன்னு எங்கயும் போடல. என் வேலையே எங்க ஓட்ட இருக்குதுன்னு பாக்கறதுதானே. கண்டுபுடிச்சிட்டேன், எழுதறேன்.

சிரஞ்சீவி மாமா காலையில உங்க ஊரு காய்கறி வண்டிய மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கினு வருவாரு இல்ல, அவர்கிட்டயே குடுத்தனுப்பறேன். ஒரு வார்த்த எழுது. திட்டியாவது எழுது.

காஞ்சனா

புத்தூர்
21 ஜனவரி 2026

ஏமே காஞ்சனா,

கிழிக்கல. கிழிக்கத்தான் எடுத்தேன். இந்த சிரஞ்சீவி எதுரிலேயே நின்னுக்கினு "இன்னா எழுதியிருக்குது, இன்னா எழுதியிருக்குது"ன்னு எட்டி எட்டிப் பாத்தான். அவனத் தொரத்திட்டு கதவ சாத்திக்கினு படிச்சேன்.

மொதல்ல என் வயித்தெரிச்சலக் கேளு. என் புள்ள கிரண்குமார் கல்யாணத்துக்கு வந்தே. கடைசி வரிசையில ஒக்காந்தே. தாலி ஏறனதும் கை நனைக்காம எழுந்து போய்ட்டே. கூடப் பொறந்தவ ஏன் துன்னாம போனான்னு சம்மந்தி வூட்டுல இன்னிக்கும் கேக்கறாங்க. வயிறு சரியில்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். அன்னிலேர்ந்து உனக்கு வயிறு சரியில்ல, ஞாபகம் வெச்சிக்க. யாராவது கேட்டா மாத்திச் சொல்லிடாத.

ரெண்டாவது, நீ கையெழுத்தே போடாத தாளுடீ அது. அதுல இருக்கற பாராவுக்கு இப்பவே ஏன் கட்டுப்பட்டுக்கினு இருக்கற? வாங்காத வூட்டுக்கு வரி கட்டறவ இந்த சித்தூர் சில்லாவுலயே நீ ஒருத்திதான். சிரிச்சி சிரிச்சி எனக்குப் பொற ஏறிடுச்சி. ஆனா அதுக்காக போன் பண்ணிடாத. எடுக்க மாட்டேன். எழுது.

மூணாவது விஷயத்துக்கு வரேன். கையெழுத்துப் போடாத. மொத வெலைக்கு சரின்னு தலையாட்டறவள எவனும் மதிக்க மாட்டான். நம்ம கத்திரிக்காவுக்கு மண்டிக்காரன் சொல்ற மொத வெலைய நான் காதுல கூட வாங்க மாட்டேன். நீ இன்னா பண்ற, நேராப் போயி ஒக்காரு. மொகத்துல ஆசையும் காட்டாத, பயத்தையும் காட்டாத. எனக்கு இது இது வேணும்னு கேளு. முடியாதுன்னுவான். முடியாதுன்னாத்தான் பேச்சே ஆரம்பிக்குது. அப்ப எழுந்துடு. "சரி, நான் வரேன்"னு சொல்லிட்டு வாசலப் பாத்து நட. அவசரப்படாம மெதுவா நட. கூப்பிடுவாங்க. நான் கூப்பிடாத கடைக்காரன பாத்ததே இல்ல.

பாகக்கா ஒரு பையில போட்டு சிரஞ்சீவிகிட்ட குடுத்திருக்கேன். யமுனாவுக்குத்தான், உனக்கில்ல. உனக்குத்தான் வயிறு சரியில்லையே.

தாட்சாயணி

திருப்பதி
24 ஜனவரி 2026

அக்கா,

பாகக்கா வந்துது. யமுனா தொடல. நாந்தான் வறுத்துத் துன்னேன். வயிறு நல்லாவே இருக்குது.

லேபர் ஆபீசுக்குப் போய்ட்டு வந்தேன். அங்க ஒரு அம்மா கண்ணாடிய ஏத்தி வுட்டுக்கினு தாள முழுசா படிச்சாங்க. பதினோரு வருஷத்துக்கு கிராஜுட்டின்னு ஒரு பணம் சட்டப்படியே வரணுமாம், அது யாரும் தயவு பண்ணித் தர்றது இல்லையாம். நானா வுட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்தா, அப்புறம் அனுப்பிட்டாங்கன்னு வந்து கேக்க முடியாதாம். அந்த ரெண்டு வருஷக் கட்டு கோர்ட்டுல நிக்காதாம். ஆனா கோர்ட்டு வரைக்கும் யாரு போவா? புதுக் கம்பெனிக்காரன் என் தாளப் பாத்ததும் "இவ நமக்கு வேணாம்"னு வெச்சிடுவான். "பேசிப் பாரும்மா, பேசறது உன் உரிம"ன்னு சொல்லி அனுப்புனாங்க.

பேசலாம்தான். யாரு பேசறது? அதான்க்கா கஷ்டம். என் வூட்டுக்காரரு கோவர்த்தனன் இருக்காரே, திருமலைக்கு டாக்ஸி ஓட்டறவரு, அத்தன வளைவுலயும் கை நடுங்காத மனுஷன், இந்தத் தாளப் பாத்து நடுங்கறாரு. "கெடைக்கறத வாங்கிக்க காஞ்சனா, பெரிய எடத்துல வெச்சிக்காத"ன்னு ராத்திரி சோறு துன்றப்ப சொன்னாரு. அவரு பயந்தா எனக்கும் பயம் ஒட்டிக்குது.

அப்புறம் எனக்கு வெக்கமா இருக்குதுக்கா. கம்பெனி கத்திரிக்கா மார்க்கெட்டு இல்ல. அங்க வெல பேசற பழக்கமே கெடையாது. அவங்க போர்டுல ஒட்டுவாங்க, நாங்க படிப்போம், அவ்ளோதான். இத்தன வருஷத்துல சம்பளம் ஏத்திக் குடுன்னு நான் வாயத் தொறந்ததே இல்ல, அவங்களா ஏத்துனப்ப தேங்க்ஸ் சொன்னேன். உன்ன மாதிரி என்னால முடியாது. அன்னிக்கி துணிக்கடையில சம்மந்தி வூட்டுக்காரங்க எல்லாம் ஒக்காந்திருக்கறப்ப நீ பொடவைக்கு ரெண்டு மணி நேரம் பேசனே. கடைக்காரன் தலையில கைய வெச்சிக்கினான். "போதும்க்கா, மானம் போவுது"ன்னு நான் சொன்னேன். அது தப்புன்னு எனக்கு இன்னிக்கும் தோணல. நீ கோச்சிக்கினாலும் சரி.

வியாழக்கெழம தாமோதரன் சாரப் பாக்க நேரம் கேட்டிருக்கேன். போறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல.

காஞ்சனா

புத்தூர்
26 ஜனவரி 2026

காஞ்சனா,

இந்தக் கடுதாசிய கோவத்துல எழுதறேன். கையெழுத்து கோணலா இருந்தா அதான் காரணம்.

மானம் போவுதா? உன் மானம் எங்க போச்சின்னு நான் சொல்றேன், கேளு. கல்யாணத்துக்கு எடுத்த பொடவைங்க எல்லாம் கணக்குப் பண்ணி எடுத்தது. பொண்ணுக்கு, சம்மந்தியம்மாவுக்கு, அத்தைங்களுக்குன்னு கையில இருந்தது அத்தோட சரியாப் போச்சி. உனக்கு எடுக்கறதுக்கு மிச்சம் இல்ல. அந்தக் கடைக்காரன்கிட்ட கொறைச்சாத்தான் உனக்கு ஒண்ணு வரும். அதுக்காகத்தான்டீ ரெண்டு மணி நேரம் தொண்ட காய பேசிக்கினு இருந்தேன். கல்யாணத்துல உன் பக்கத்துல நிக்கறப்ப நீ பழசக் கட்டிக்கினு நின்னா எனக்கு நல்லா இருக்குமா?

நீ அத்தன பேர் முன்னாடி "மானம் போவுது"ன்னதும் நான் எழுந்தேன். கடைய வுட்டு வெளிய நடந்தேன். கடைக்காரன் மெத்தைய வுட்டு எறங்கி, செருப்பு கூடப் போடாம ரோட்டுல ஓடியாந்து, "அம்மா வாங்கம்மா, நீங்க சொன்ன வெலைக்கே தரேன்"னு கூப்பிட்டான். நீ கூப்பிடல.

பொடவ பீரோவுலதான் கெடக்குது. மாம்பழ மஞ்ச, பச்சக் கரை. மடிப்பு கூடப் பிரிக்கல.

இப்ப உன் விஷயம். கோவர்த்தனன் பயப்படறது அவரு வேல, அதுக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. உனக்கு வெக்கம்னா, எதுக்கு வெக்கம்? தெனம் விடிகாலையில பஸ் ஏறி, ஏர்பேடு வெயில்ல எறங்கி, கண்ணு பூத்துப் போற அளவுக்குச் சார்ஜரத் திருப்பித் திருப்பிப் பாத்தியே, அப்ப வெக்கப்பட்டியா? கடையில கறிவேப்பல கொசுறு கேக்கறப்ப உனக்கு வெக்கம் வருதா? வராது. உன்ன நான் பாத்திருக்கேன், கொத்தமல்லியும் சேத்துக் கேப்ப. அதே வாயிதானே, அங்கயும் தொற.

போ. போயி கேளு. கேட்டுட்டு மெதுவா நட.

தாட்சாயணி

திருப்பதி
29 ஜனவரி 2026

அக்கா,

போனேன். கேட்டேன். நடந்தேன். யாரும் கூப்பிடல.

இரு, மொதல்லேர்ந்து சொல்றேன். காலையில தாமோதரன் சார் ரூமுல போயி ஒக்காந்தேன். நீ சொன்ன மாதிரி மொகத்த கல்லு மாதிரி வெச்சிக்கினேன். "நானா வுட்டுப் போறேன்னு எழுத மாட்டேன் சார், நீங்க லைன மூடறீங்கன்னு எழுதுங்க. ரெண்டு வருஷம் வேற எங்கயும் சேரக் கூடாதுங்கறத எடுங்க. பதினோரு வருஷத்துக்கு மூணு மாசம் பத்தாது"ன்னேன். எனக்கே என் குரலு புதுசா இருந்துது. அவரு பேனாவ மூடி மூடித் தொறந்தாரு. "இது எல்லாருக்கும் ஒரே பேப்பர் மேடம், ஒரு வரி கூட மாத்த முடியாது"ன்னாரு.

முடியாதுன்னாத்தான் பேச்சே ஆரம்பிக்குதுன்னு எழுதியிருந்தியே. எழுந்துட்டேன். "அப்ப நான் வரேன் சார்"னு சொல்லி, தாள மேசையிலயே வுட்டுட்டு நடந்தேன்.

எவ்ளோ மெதுவான்னு கேளு. கதவுகிட்ட நின்னு துப்பட்டாவ சரி பண்ணேன். சத்தம் இல்ல. வராண்டாவுல தண்ணி மெஷின்ல ஒரு கிளாஸ் குடிச்சேன், இன்னொரு கிளாஸ் குடிச்சேன். சத்தம் இல்ல. நோட்டீஸ் போர்டுல போன உகாதிக்கு நடந்த மியூசிக்கல் சேர் போட்டியோட ரிசல்ட்ட மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சேன். குனிஞ்சி செருப்பு வார மாட்டனேன், அது வாரே இல்லாத செருப்பு. கேட்டுல நின்ன செக்யூரிட்டி தாத்தா, "இன்னாம்மா ஒடம்பு சரியில்லையா, இப்படிப் போறே?"ன்னாரு. பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். பஸ்ஸும் வந்துடுச்சி. ஏறி ஒக்காந்தப்புறமும் சன்னல் வழியா திரும்பித் திரும்பிப் பாத்தேன்க்கா. தாமோதரன் சார் செருப்பில்லாம ஓடி வருவாருன்னு பாத்தேன்.

அழுகையா வந்துது. பின்னாடி இருந்து ஒரு குரல் வரும்னு காதக் குடுத்துக்கினே நடக்கறது எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது. உன் கடுதாசியில "நீ கூப்பிடல"ன்னு ஒரு வரி எழுதியிருந்தியே, பஸ்ஸுல அதையேதான் நெனச்சிக்கினு வந்தேன்.

ஆனா கதை இத்தோட முடியல. சாயங்காலம் வெங்கடம்மா வூட்டுக்கே வந்துட்டா. என் லைன்ல மூணாவது சீட்டுல ஒக்கார்றவ, ஏர்பேட்டுக்காரி, வாயாடி. எச்.ஆர். ரூமுக்கு எதுருலதானே எங்க லைனு, நடுவுல வெறும் கண்ணாடி. நான் வெளிய வந்தத எல்லாரும் பாத்துக்கினு இருந்திருக்காளுங்க. நான் மெதுவா நடந்தது, தண்ணி குடிச்சது, போர்டப் படிச்சது எல்லாத்தையும். "அக்கா, ஒரு பயம் இல்ல, ஒரு அவசரம் இல்ல, தாள அவன் மேசையிலயே போட்டுட்டு எப்படி நடந்தே! மகாராணி கெட்டா போ!"ன்னு என் கையப் புடிச்சிக்கினா.

அப்புறம் ஒருத்தி ஒருத்தியா உள்ள கூப்பிட்டிருக்காங்க. மொதல்ல போனது வெங்கடம்மாதான். "காஞ்சனா அக்கா சேயலேது, நேனு கூடா சேயனு", அக்கா போடல, நானும் போட மாட்டேன்னு தெலுங்குல சொல்லிட்டு அவளும் மெதுவாவே நடந்து வந்தாளாம், தண்ணியும் குடிச்சாளாம். அப்படியே பதிமூணு பேரும். தண்ணி மெஷினு காலியாம். ஒருத்தி கூட கையெழுத்துப் போடல.

இப்ப சொல்லு, நான் இன்னா பண்ணட்டும்? நான் கூப்பிடுவாங்கன்னு நடந்தவ. அவளுங்க நான் வீரமா நடந்தேன்னு நம்பிக்கினு இருக்காளுங்க. அதுல ரெண்டு பேருக்கு வூட்டுல சம்பாதிக்க வேற ஆளில்ல. கையும் ஓடல, காலும் ஓடல.

காஞ்சனா

புத்தூர்
30 ஜனவரி 2026

அடி என் தங்கமே,

வாரே இல்லாத செருப்புக்கு வார் மாட்டனியா? படிச்சிட்டு நான் சிரிச்ச சிரிப்புல அடுத்த வூட்டுக்காரி வந்து இன்னா ஆச்சின்னு கேட்டா. சிரஞ்சீவிகிட்ட வேற படிச்சிக் காட்டிட்டேன், மன்னிச்சிடு. அவன் வண்டிய நிறுத்திட்டு நோட்டீஸ் போர்டு படிக்கற மாதிரி நடிச்சிக் காட்டிக்கினு இருக்கறான்.

சிரிச்சி முடிச்சிட்டு உன் கடுதாசிய மறுபடியும் படிச்சேன். நான் சொன்னது தப்புடீ. கடைக்காரன் விக்கணும்னு ஒக்காந்திருக்கறான், அதனால கூப்பிடுவான். உன் கம்பெனிக்காரன் உன்ன அனுப்பணும்னு ஒக்காந்திருக்கறான். நீ எழுந்து போனா அவனுக்கு வேல மிச்சம், ஏன் கூப்பிடப் போறான்? இது என் புத்திக்கு எட்டவே இல்ல. மார்க்கெட்டுக் கணக்க எல்லா எடத்துலயும் போட்டுட்டேன்.

ஆனா இப்ப நெலம வேற. ஒருத்தி போனா கூப்பிட மாட்டான். பதினாலு பேரும் தாள மேசையிலயே வுட்டுட்டுப் போனா, அவனுக்கு மேல இருக்கறவன் "எங்கய்யா கையெழுத்து?"ன்னு கேப்பான் இல்ல? பதினாலு பேரும் சேந்து அந்த லேபர் ஆபீசு அம்மா முன்னாடி போயி நின்னா நல்லா இருக்குமா அவனுக்கு?

ஒண்ணு மட்டும் செய்யி. அவளுங்ககிட்ட உள்ளதச் சொல்லிடு. பயந்துக்கினுதான் நடந்தேன், கூப்பிடுவாங்கன்னு பாத்தேன், எங்கக்கா சொன்னான்னு செஞ்சேன்னு சொல்லு. போடறவ போடட்டும், நிக்கறவ நிக்கட்டும். தெரிஞ்சி நிக்கறவ பாதியில வுட்டுட்டுப் போவ மாட்டா.

பணம் ஒண்ணும் வரலன்னாலும் யமுனா பீசு நிக்காது. தக்காளி இந்த தடவ நல்லா வந்திருக்குது. மத்தத நான் வாயத் தொறந்து சொல்லணுமா?

அந்த வெங்கடம்மாவ எனக்குப் புடிச்சிருக்குது.

தாட்சாயணி

திருப்பதி
5 பிப்ரவரி 2026

அக்கா! அக்கா! அக்கா!

ஒக்காந்து படி. சிரஞ்சீவி மாமாவையும் ஒக்கார வெச்சிக்க. அவரு இப்ப உங்கிட்ட குடுக்கறப்பவே பாதி சொல்லியிருப்பாரு, எங்க வூட்டுல டீ குடிச்சிக்கினே எல்லாத்தையும் கேட்டுட்டாரு.

ஞாயித்துக்கெழம பதிமூணு பேரையும் எங்க வூட்டுக்குக் கூப்பிட்டேன். மொட்ட மாடியில ஒக்கார வெச்சி உள்ளத உள்ளபடி சொன்னேன். எங்கக்கா சொன்னா, மெதுவா நடந்தேன், திரும்பித் திரும்பிப் பாத்தேன், பஸ்ஸுல அழுதேன்னு. அப்புறம் வெங்கடம்மா, "அப்ப நான் குடிச்ச நாலு கிளாஸ் தண்ணி சும்மாவா?"ன்னா. எல்லாரும் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சோம். அந்த சிரிப்புலயே பயம் போச்சிக்கா. போடறவங்க போடலாம்னு சொன்னேன், ஒருத்தி கூட எழுந்திரிக்கல.

நேத்து தாமோதரன் சார் என்ன மட்டும் கூப்பிட்டாரு. பதினாலு பேரும் உள்ள போனோம். நாற்காலி ரெண்டுதான். மத்தவங்க செவுத்துல சாஞ்சி, கதவுல சாஞ்சி, ஒருத்தி அவரு பீரோவுல சாஞ்சி நின்னுக்கினு இருந்தோம். ஏ.சி. இருந்தும் எல்லாருக்கும் வேர்த்துது. நான் தமிழ்ல பேசனேன், வெங்கடம்மா தெலுங்குல பேசனா, அவரு இங்கிலீஷுல மேலெடத்துக்குப் போன் போட்டுக்கினே இருந்தாரு. ஒரு தடவ போன வெச்சிட்டு, "ஒரு பேப்பர் கூட வரலன்னு என்னத் திட்டறாங்க மேடம்"னாரு. நீ சொன்னது சரிக்கா. அவருக்கும் மேல ஒருத்தன் இருக்கறான்.

மத்தியானம் வரைக்கும் இழுத்துது. முடிஞ்சப்ப, நாங்களா வுட்டுப் போறோம்ங்கற வரி போச்சி. கம்பெனி லைன மூடறதால அனுப்பறோம்னு எழுதிட்டாங்க. ரெண்டு வருஷக் கட்டு முழுசா போச்சி. அந்தப் பாராவ அவரு பேனாவால அடிச்சப்ப நான் பாத்துக்கினே இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சி. மூணு மாசம் அஞ்சாச்சி, கிராஜுட்டி தனி. ஆறு கேட்டோம், தரல. அது போவட்டும். நான் மார்ச்சு ரெண்டாந்தேதி சத்தியவேட்டுல சேர்றேன்க்கா! பத்மாவதி எங்க லைன்லேர்ந்து இன்னும் அஞ்சி பேருக்குச் சொல்லி வெச்சிருக்கறா. கோவர்த்தனன் புதுத் தாள வாங்கிப் படிச்சிட்டு நேரா வெளிய போயி ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கினு வந்துட்டாரு.

இரு, முக்கியமானது இனிமேதான். எல்லாரும் கையெழுத்துப் போட பேனாவ எடுத்தோம். நான், "சார், இன்னொண்ணு"ன்னேன். அவரு தலையில கைய வெச்சிக்கினாரு, அந்தத் துணிக்கடைக்காரன் வெச்ச மாதிரியே. "இவ்ளோ நேரம் பேசனதுக்கு ஒரு கொசுறு வேணும் சார். நாங்க தெனம் ஏறற கம்பெனி பஸ்ஸு ஒரு ஞாயித்துக்கெழம எங்களுக்கு வேணும்"னேன். எதுக்குன்னாரு. "புத்தூர்ல எங்கக்கா வூட்டுக்குப் போறதுக்கு, பதினாலு பேரும் அங்க போயி துன்னணும்"னேன். நிமிந்து பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாரு, இத்தன வருஷத்துல அவரு சிரிச்சி நான் பாத்ததே இல்ல. பஸ்ஸ வெளிய எடுக்கற பாஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, "நானும் வரலாமா மேடம்?"னு கேட்டாரு.

அதனால இந்த ஞாயித்துக்கெழம வரோம்க்கா. பதினாலு பேரு, தாமோதரன் சாரு, டிரைவரு. யமுனாவும் கோவர்த்தனனும் டாக்ஸியில பின்னாடி வராங்க. மூணு நாளு முன்னாடி சொல்றேன்னு திட்டாத.

நீ கடைய வுட்டு நடந்தப்ப நான் கூப்பிடல. இப்ப கூப்பிடறேன். ஊரு பூரா கேக்கற மாதிரி பஸ் ஆரன் அடிச்சிக்கினே வந்து கூப்பிடறேன். அக்கா, நில்லு. போவாத.

காஞ்சனா

புத்தூர்
6 பிப்ரவரி 2026

ஏமே காஞ்சனா,

பதினெட்டு பேருக்கு ரெண்டே நாள்ல எப்படிடீ ஆக்கறது? உனக்கு அறிவு இருக்குதா? லைன் லீடராம், லைன் லீடரு! பந்தலுக்கு நேத்தே சொல்லிட்டேன். நேத்து மத்தியானமே சிரஞ்சீவி எல்லாத்தையும் ஒளறிட்டான், உன் கடுதாசி அப்புறந்தான் கைக்கு வந்துது.

கேவுரு களி, நாட்டுக்கோழி கொழம்பு. கறி துன்னாதவங்களுக்கு கத்திரிக்கா புளிக்கொழம்பு, பச்சப்பயறு. வேர்க்கடல சட்னி தனியா. பாயசத்த சம்மந்தியம்மா செய்யறாங்க, அவங்களையும் வரச் சொல்லிட்டேன். அந்த தாமோதரன் சாரு களி துன்னுவாரா, இல்ல சோறும் வடிக்கணுமான்னு கேட்டுச் சொல்லு. துன்னாதவரா இருந்தாலும் நான் துன்ன வெச்சிடுவேன். வெங்கடம்மாவ என் பக்கத்துல ஒக்கார வை.

பொடவைய பீரோவுலேர்ந்து எடுத்து மடிப்பப் பிரிச்சி வெயில்ல போட்டிருக்கேன். வந்ததும் உள்ள போயி அதக் கட்டிக்கினுதான் வெளிய வரணும். ஜாக்கெட்டு தெச்சி வெச்சிட்டேன், உன் பழைய அளவுதான். இறுக்கமா இருந்தா அது உன் தப்பு.

துணிக்கடையில நீ சொன்னது சரின்னு நான் ஒத்துக்க மாட்டேன். நான் பேசனது தப்புன்னும் ஒத்துக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். கடைக்காரன் கூப்பிட்டதும் நான் அன்னிக்கே கடைக்குள்ள திரும்பி வந்துட்டேன். உங்கிட்டேர்ந்து மட்டும் இத்தன மாசமா நடந்துக்கினே இருந்தேன்டீ, மெதுவா, ரொம்ப மெதுவா, எப்பக் கூப்பிடுவேன்னு. கூப்பிட்டுட்டே. திரும்பிட்டேன். உன் நம்பரையும் நேத்தே எடுத்து வுட்டுட்டேன், ஆனா ஞாயித்துக்கெழம வரைக்கும் போன் பண்ணாத, எனக்கு அடுப்பு வேல இருக்குது.

மொதப் பந்தியில நீ ஒக்காரணும். எல எதுருல நான் நின்னுக்கினு பாப்பேன். ரெண்டு தடவ களி வாங்கணும், கொழம்பு மூணு தடவ வாங்கணும். நீ கை கழுவப் போறப்ப நான் சம்மந்தியம்மாவப் பாத்துச் சொல்லிடறேன், என் தங்கச்சிக்கு வயிறு சரியாய்டுச்சின்னு.

உன் அக்கா
தாட்சாயணி